குரங்கு அட்டையில் போட்ட ஓட்டு

ஹகோதாதே
7 அக்டோபர் 1991, திங்கள்

அன்புள்ள நாஹோ,

இன்று கடை விடுமுறை. உன் அம்மா மீன் வாங்கப் போயிருக்கிறாள். பேச்சுத்துணை கிடைத்தால் அரை மணி ஆகும். அதற்குள் இதை எழுதி ஒட்டிவிட வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் அவசரம் என்று எடுத்துக்கொள். அவசரமில்லாதபோதும் என் எழுத்து இப்படித்தான் என்பதை மறந்துவிடு.

உன் பெயருக்கு டோக்கியோவிலிருந்து ஓர் உறை வந்தது. திறந்துவிட்டேன். மேலே சிவப்பு எழுத்தில் ‘கடைசி எச்சரிக்கை’ என்று இருந்தால் எந்தத் தகப்பன் திறக்காமல் இருப்பான்? உள்ளே இருந்ததை மூன்று முறை படித்தேன். நான் புரிந்துகொண்டது சரியா, பார். நூற்றிருபது வருடத்துக்கு முன்னால் நம் ஊரில் தோன்றி ஐந்தே மாதத்தில் செத்துப்போன எசோ குடியரசு, சாகாமல் இன்றுவரை இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு விளையாட்டு. ஊருக்கு ஒருவராக இருந்துகொண்டு அஞ்சலிலேயே ஆடுகிறார்கள். ஆளுக்கொரு கட்சி, மாதம் ஓர் அட்டையில் ஓட்டு. அவைத்தலைவர் என்று ஒருவர் டோக்கியோவில் உட்கார்ந்து எண்ணுகிறார். என் மகள் பதினைந்து வயதிலிருந்து கடற்கரைக் கட்சித் தலைவர்! நீ அட்டை அட்டையாக எழுதித் தள்ளியதைப் பார்த்துக் காதலோ என்று பயந்து, நானும் உன் அம்மாவும் ஒரு வருடம் குசுகுசுவென்று பேசியிருக்கிறோம்.

செப்டம்பர் ஓட்டு நீ அனுப்பவில்லையாம். ஒரு வருடத்துக்குள் இன்னொரு மாதம் தவறினால் கட்சியைக் கலைத்து, அதன் முப்பத்தெட்டு இடங்களையும் மற்ற இரண்டு கட்சிகளுக்கும் பங்கு போட்டுவிடுவார்களாம்.

மாதிரித் தேர்வு மதிப்பெண் வந்த அன்று, பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு முடியும்வரை விளையாட்டைத் தொடமாட்டேன் என்று நீ அம்மாவிடம் சத்தியம் செய்தாய். சரிதான். ஆனால் என்னிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை. ஒன்பது வருடப் பள்ளி, ஒரு வருடம் முடிதிருத்தப் பயிற்சி, இருபத்திரண்டு வருடம் கத்தரிக்கோல். ஒரு கட்சியை மார்ச் வரை பார்த்துக்கொள்ள இது போதுமா?

வாசலில் செருப்புச் சத்தம். அம்மா வந்துவிட்டாள்.

அப்பா


செண்டாய்
11 அக்டோபர்

அப்பா,

உங்கள் கடிதத்தை விடுதியின் துணி துவைக்கும் அறையில் ஒளிந்து படித்தேன். சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைப் பெண் எட்டிப் பார்த்து, “ஏய், அழறியா?” என்று கேட்டாள்.

போதும். இதற்கு முன் இருந்த தலைவரும் பெரிய படிப்பாளி இல்லை. அதனால்தான் ஒருமுறை தேர்வில் தோற்று, இங்கே பயிற்சிப் பள்ளியில் கிடக்கிறார்.

கட்சி நான்கு இடத்தில் தொடங்கியது. முப்பத்தெட்டாக்க மூன்று வருடம் ஆயிற்று. என் கணக்கு மதிப்பெண் இறங்க இறங்க அது ஏறியது. அம்மாவுக்குத் தெரியவேண்டாம். நான் தொட்டு ஒழுங்காக வளர்ந்தது அது ஒன்றுதான் அப்பா. அதைப் பிய்த்துப் பங்கு போடுவதை என்னால் பார்க்க முடியாது. உங்களை இடைக்காலத் தலைவராக நியமிக்கிறேன். அப்பாவுக்குக் கடிதம் எழுதுவது விளையாட்டில் சேராது. எனவே சத்தியமும் உடையவில்லை.

அவையில் நூறு இடம். ஆட்சியில் இருப்பது கோட்டைக் கட்சி, நாற்பத்தைந்து. தலைவர் ஹியோதோ, எஹிமேயில் ஆரஞ்சுத் தோட்டக்காரர். பெரிய நரி. மீதிப் பதினேழு பண்ணைக் கட்சி. அதன் தலைவர் ஹச்சிசுகா நகோயாவில் கல்லூரி மாணவர். ஏழாவது மாடியில் குடியிருக்கிறார், பசுவைப் பால் பெட்டியில் மட்டும் பார்த்தவர். நாமும் பண்ணையும் சேர்ந்தால் ஐம்பத்தைந்து, கோட்டை விழும். அதற்காகத்தான் ஒரு வருடமாக ஹச்சிசுகாவைத் தடவிக்கொடுத்து வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு மாதமும் இருபத்தைந்தாம் தேதிக்குள் அட்டையை அஞ்சலில் சேர்த்துவிடுங்கள். முத்திரையில் இருக்கும் தேதிதான் கணக்கு. பண்ணை எப்படியோ நாமும் அப்படி. ஹியோதோவிடமிருந்து எது வந்தாலும் பதில் போடாதீர்கள். எது வந்தாலும்.

நாஹோ


ஹகோதாதே
18 நவம்பர், திங்கள்

அன்புள்ள நாஹோ,

இந்தக் கடிதத்தை நான்கு நாளாகத் தள்ளிப்போட்டேன். அதிலிருந்தே நீ புரிந்துகொண்டிருப்பாய்.

போன மாதம், என் பெயரை அவைத்தலைவருக்குத் தெரிவித்த சில நாளிலேயே எஹிமேயிலிருந்து ஒரு பெட்டி ஆரஞ்சு வந்தது. ‘புதிய தலைவருக்கு வாழ்த்துகளுடன், ஹியோதோ.’ நான் கடையில் ஒருவருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். நீ சொன்னது நினைவில்தான் இருந்தது. திருப்பி அனுப்பிவிடலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனால், உன் அம்மா ஐந்தாவது பழத்தை உரித்துக்கொண்டிருக்கிறாள்.

“யாருங்க இந்த ஹியோதோ?”

“வாடிக்கையாளர்.”

“எஹிமேலேர்ந்து இங்க வந்தா முடி வெட்டிக்கிறாரு?”

“நல்லா வெட்டுறேன்ல!”

“உங்க பின்னந்தலைய நீங்க பார்த்ததில்ல, அதான்.”

பழத்தைத் தின்றாயிற்று. தின்றுவிட்டு ஒன்றும் திருப்பி அனுப்பாமல் இருக்க நாம் என்ன காட்டிலா வாழ்கிறோம்? பத்து காய்ந்த கணவாய் மீன் கட்டி அனுப்பினேன், கூடவே நாலு வரி. அந்த நாலு வரிக்கு எட்டு வரி வந்தது. எவ்வளவு மரியாதையான மனிதர் தெரியுமா? அக்டோபர் ஓட்டில் எதிர்க்க வேண்டாம், ஆதரிக்கவும் வேண்டாம், ‘நடுநிலை’ என்று எழுதினாலே போதும் என்றார். மனிதர் இவ்வளவு சின்னதாகக் கேட்கும்போது எப்படி மறுப்பது? எழுதிவிட்டேன்.

நம் துறைமுக வரி மொத்தமும் கோட்டைக்குப் போகும் சட்டம் அது என்று இந்த மாத அவைக் குறிப்பைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

பழம் நல்ல இனிப்பு.

அப்பா


செண்டாய்
21 நவம்பர்

கடற்கரைக் கட்சியின் இடைக்காலத் தலைவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு பெட்டி ஆரஞ்சுக்கு ஒரு நாட்டின் துறைமுகத்தை விற்ற முதல் தலைவர் என்ற பெருமை தங்களையே சேரும். மொத்தம் எத்தனை பழம் என்று எண்ணினீர்களா? வரலாற்றில் எழுதும்போது தேவைப்படும்.

அப்பா! ‘எது வந்தாலும்’ என்று இரண்டு முறை எழுதினேனே! ஹச்சிசுகா இப்போது நம்மை என்ன நினைப்பார்? வேதியியல் வகுப்பில் ஆசிரியர் என் பெயரைக் கூப்பிட்டபோது “துறைமுகம்” என்று பதில் சொன்னேன். வகுப்பே சிரித்தது.

இனி ஒன்றுதான் வழி. இந்த மாத அட்டையிலேயே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் அதன் மேல் ஓட்டு நடக்கும். ஹச்சிசுகாவுக்கு என்ன எழுத வேண்டும் என்று பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு வார்த்தை கூட்டாமல் நகல் எடுங்கள். பருவநிலை விசாரிக்க வேண்டாம். அவர் பாட்டி நலமா என்று கேட்க வேண்டாம். டிசம்பர் அட்டை போகவில்லை என்றால் கோட்டை நிற்கும், நாம்தான் கலைந்துபோவோம். நினைவிருக்கட்டும்.

தங்கள் முன்னாள் தலைவர்

பி.கு. எனக்கும் ஒரு நாலு பழம் அனுப்பியிருக்கலாம்.


ஹகோதாதே
23 டிசம்பர், திங்கள்

அன்புள்ள நாஹோ,

முடித்துவிட்டேன். மகளே, முடித்துவிட்டேன்!

ஹச்சிசுகா சம்மதித்துக் கடிதம் போட்டார். பாட்டியைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அவராகத்தான் எழுதினார், நலமாம்.

வருடக் கடைசி, உனக்குத் தெரியுமே, ஊரே புத்தாண்டுக்கு முன்னால் தலையைக் கொடுக்க வந்து நிற்கிறது. ஒரு வாரமாக நின்றுகொண்டே சாப்பிடுகிறேன். இன்று விடுமுறை கிடைத்ததும் முதல் வேலையாக மேசையில் உட்கார்ந்தேன். சாதா அட்டை ஒன்றுகூட இல்லை. வாடிக்கையாளர்களுக்கு எழுதியது போக ஒன்று மிஞ்சியிருந்தது, குரங்கு வெந்நீர் ஊற்றில் குளிக்கிற படம் போட்டது. அதன் பின்னால் என் வாழ்நாளிலேயே அழகான எழுத்தில், ‘கடற்கரைக் கட்சி, முப்பத்தெட்டு ஓட்டும் அரசுக்கு எதிராக’ என்று எழுதினேன். வாடிக்கையாளர் அட்டைகளோடு ஒரே கட்டாக இன்று காலை பெட்டியில் போட்டாயிற்று. நீ கொடுத்த கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாக!

இன்னொன்றும் செய்தேன். திட்டாதே. ஹியோதோ வருடக் கடைசிக்கு இரண்டாவது பெட்டி அனுப்பியிருந்தார். அவர் பழத்தைத் தின்றுகொண்டே அவர் காலை வாரிவிடுவது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அவருக்கும் இன்றே ஒரு கடிதம் போட்டேன்: ‘பழத்துக்குக் கணவாய் அனுப்பியிருக்கிறேன். அது வேறு. உங்கள் அரசைக் கவிழ்க்கும் ஓட்டை இன்று காலை அஞ்சலில் சேர்த்துவிட்டேன். அது என் மகளுக்காக. தவறாக எண்ண வேண்டாம்.’

உனக்கும் பத்து பழம் தனியாக வருகிறது. நன்றாகத் தூங்கு.

அப்பா


செண்டாய்
26 டிசம்பர்

அப்பா,

குரங்கா?

வருவது குரங்கு ஆண்டு அப்பா, குரங்குப் படம் போட்டது புத்தாண்டு வாழ்த்து அட்டை. டிசம்பரில் போடும் வாழ்த்து அட்டைகளை அஞ்சலகம் கட்டி வைத்திருந்து ஜனவரி முதல் தேதி காலையில்தான் வீடு சேர்க்கும். நீங்கள் ஒவ்வொரு வருடமும் இருநூறு அட்டை எழுதுகிறீர்கள்! அதில் தேதி முத்திரைகூடக் குத்தமாட்டார்கள்! நம் முப்பத்தெட்டு ஓட்டும் இப்போது ஏதோ ஒரு சாக்கில் குரங்கோடு சேர்ந்து தூங்குகின்றன.

நேற்று உங்கள் கடிதம் கிடைத்த உடனே விடுதித் தொலைபேசிக்கு ஓடினேன். எனக்கு முன்னால் பதினோரு பேர். கடைசியில் கிடைத்தால் அம்மா எடுத்தார்.

“அப்பாவக் கூப்பிடும்மா, அவசரம்.”

“கடையில மூணு பேரு காத்திருக்காங்க. என்ன விஷயம், எங்கிட்ட சொல்லு.”

“பாடத்துல ஒரு சந்தேகம்.”

“உங்கப்பாகிட்டயா?”

பின்னால் ஆள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். இருபத்தைந்தாம் தேதி முடிந்துபோயிற்று.

கோபம் இல்லை. கோபப்பட முயன்றேன், குளிக்கிற குரங்கு நினைவுக்கு வந்து கெடுத்துவிடுகிறது. ஆனால் நான் கொஞ்சம் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாஹோ


ஹகோதாதே
13 ஜனவரி 1992, திங்கள்

அன்புள்ள நாஹோ,

நேற்றோடு உன் முதல் கட்டத் தேர்வு முடிந்தது. அதனால்தான் மூன்று வாரம் பேனாவைத் தொடவில்லை. பயந்து ஒளிந்துகொண்டேன் என்று நீ நினைத்திருந்தால், அதுவும் பாதி உண்மை.

கட்சி இன்னும் சாகவில்லை. அவைத்தலைவர் எழுதியிருக்கிறார்: ‘தங்கள் ஓட்டு ஜனவரி முதல் தேதி காலை, என் அத்தையின் வாழ்த்துக்கும் பல் மருத்துவரின் வாழ்த்துக்கும் நடுவில் வந்து சேர்ந்தது. முத்திரை இல்லை. முத்திரை இல்லாத ஓட்டுக்கு விதியும் இல்லை.’

கடிதத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் செருகி வைத்துவிட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். நாற்காலியில் செங்கோகு, அஞ்சலகத்தில் தபால் பிரிக்கிறவர். பாதி முகத்தில் நுரையோடு எழுந்து உட்கார்ந்தார்.

“மாஸ்டர், முதல் தேதி காலையில கெடச்சுதுன்னா எழுதியிருக்கு?”

“ஆமா. ஆடாதீங்க, கத்தி கையில.”

“அப்ப அது இருபத்தி நாலுக்குள்ள போட்டது மாஸ்டர்! அதுக்கப்புறம் போட்டா முதல் கட்டுல சேராது. ரெண்டாம் தேதி, மூணாம் தேதி ஆயிடும். நான் பிரிக்கிறவன், எனக்குத் தெரியாதா?”

கடை முழுக்கக் கைதட்டல். வரிசையில் இருந்த பள்ளி ஆசிரியர் வார்த்தைகளைச் சொல்ல, நான் எழுத, செங்கோகு மறுபாதி முகச்சவரத்தை மறந்து அப்படியே வேலைக்குப் போய்விட்டார். அவைத்தலைவரிடமிருந்து பதில் வந்தது. வாதம் அழகு, ஆனால் இருபத்தைந்துக்குப் பிறகு போட்டதையும் அஞ்சலகம் முதல் தேதியே சேர்த்துவிடக் கூடும். மற்ற இரு தலைவர்களில் ஒருவராவது ஓட்டு கெடுவுக்குள் அஞ்சலில் சேர்ந்தது என்று இந்த மாதத்துக்குள் சாட்சி சொன்னால் ஓட்டு செல்லும் என்கிறார்.

ஹச்சிசுகாவுக்கு உடனே எழுதினேன்; ஓட்டைப் போட்ட அன்றே அவருக்கும் ஒரு வரி போட்டிருந்தேனே. அவர் பதில் ஒரு வரி: ‘எனக்கு ஒன்றும் தெரியாது.’ நம் கட்சி கலைந்தால் பாதி அவர் பங்கு என்று கூட்டிப் பார்த்திருக்கிறார். இந்த முறை பாட்டியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

மிச்சம் ஒருவர்தான். அந்த ஓட்டு செல்லுபடியானால் விழப்போவது அவருடைய அரசு. அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

அப்பா


செண்டாய்
17 ஜனவரி

அப்பா,

முதல் கட்டம் மோசமில்லை. கணக்குகூட.

ஹியோதோ சொல்லமாட்டார். அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் சொல்லமாட்டேன். மூன்று வருடமாக அவரோடு ஆடுகிறேன், எனக்குத் தெரியும். ஹச்சிசுகா என் கூட்டாளி என்பதும் எனக்குத் தெரிந்த விஷயமாகத்தான் இருந்தது. போகட்டும்.

கட்சி போனால் நீங்கள் வருத்தப்பட்டுக்கொண்டு நிற்காதீர்கள். கடை முழுக்கச் சேர்ந்து ஒரு மனு எழுதியதை நினைத்தால், கலைந்தாலும் நல்ல கட்சியாகத்தான் கலையும். செங்கோகு ஐயாவுக்கு மறுபாதி முகத்தை இலவசமாகச் செய்துவிடுங்கள்.

அடுத்த மாதம் இரண்டாம் கட்டத் தேர்வு. அதுவரை நல்ல செய்தியாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

நாஹோ


ஹகோதாதே
3 பிப்ரவரி, திங்கள்

நாஹோ,

எழுதுகிறேன், பார்த்தாயா!

அவைத்தலைவர் அனுப்பிய நகலை அப்படியே பார்த்து எழுதுகிறேன்: ‘டிசம்பர் 23 முத்திரையோடு எனக்கு வந்த கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். என் அரசைக் கவிழ்க்கும் ஓட்டை அன்று காலை அஞ்சலில் சேர்த்ததாகக் கடற்கரைக் கட்சியின் கோதானி அவர்களே அதில் எழுதி, தவறாக எண்ண வேண்டாம் என்றும் கேட்டிருக்கிறார். முப்பது வருடமாகத் தோட்டம் பார்க்கிறேன். என் காலை வாருகிறவர் முன்கூட்டியே சொல்லி, கூடவே கணவாயும் கட்டி அனுப்பியது இதுவே முதல் முறை. இப்படிப்பட்ட ஆள் இல்லாத அவையில் நான் யாரோடு சண்டை போடுவது? ஓட்டை எண்ணுங்கள். ஹியோதோ.’

எண்ணினார்கள். ஐம்பத்தைந்துக்கு நாற்பத்தைந்து. கோட்டை விழுந்தது, கட்சி பிழைத்தது, உன் அப்பா பிரதமர்!

பண்ணைக்காரர் மறுநாளே வாழ்த்து அனுப்பினார், வேளாண்மை அமைச்சர் பதவிக்குத் தான் தயார் என்று. நான் உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். ஆட்சியில் பங்கெடுக்கச் சொல்லி ஹியோதோவுக்கு எழுதினேன். அவர் சம்மதித்துவிட்டார். கோட்டையும் கடற்கரையும் சேர்ந்து எண்பத்து மூன்று. துறைமுக வரியும் திரும்பி வருகிறது. உன் பரம எதிரியோடு கூட்டு வைத்துவிட்டேன். மார்ச்சில் கட்சியை உன்னிடம் ஒப்படைக்கும்போது திட்டு.

அம்மா விஷயம். இன்று அரக்கனை விரட்ட அவரைக்கொட்டை வீசும் நாள் இல்லையா, வழக்கம்போல் அரக்கன் முகமூடி எனக்குத்தான். கதவருகே நின்றேன். கை நிறைய வறுத்த சோயா அவரையோடு வந்தவள், “அரக்கனே வெளிய போ”வுக்குப் பதிலாக, “பிரதமரே வெளிய போ!” என்று வீசினாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அவைக் குறிப்பு மாசாமாசம் யாரு கைக்கு மொதல்ல வருதுன்னு நெனச்சீங்க? துறைமுகத்த வித்தீங்களே, அன்னிக்கே வெளுத்திருக்கணும்.”

“அப்ப ஏன் பேசாம இருந்த?”

“நான் வாயத் தெறந்தா ஆரஞ்சு நின்னுடுமே.”

இந்த உறையில் ஒட்டியிருக்கும் அஞ்சல்தலையைப் பத்திரமாக எடுத்து வை. புத்தாண்டு அட்டைக் குலுக்கலில் நம் குரங்கு அட்டையின் எண்ணுக்கு அஞ்சல்தலைப் பரிசு விழுந்ததாம். அவைத்தலைவர் அனுப்பி வைத்தார்.

போய் ஜெயித்துவிட்டு வா.

பிரதமர் (அப்பா)


செண்டாய்
18 மார்ச்

மாண்புமிகு பிரதமர் அவர்களுக்கு,

நான் தேறிய செய்தி அம்மா மூலம் தங்களை எட்டியிருக்கும். தொலைபேசியில் அம்மா போட்ட சத்தத்துக்கு எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தாங்களே தேறியதுபோலக் குதித்தார்கள். சத்தியம் நிறைவேறியது. இனி நான் சுதந்திரப் பறவை.

கட்சியைத் திருப்பித் தருவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு நான் ஐம்பத்தைந்துக்கு மேல் கனவுகூடக் கண்டதில்லை. தாங்கள் ஒரு கட்டு கணவாயை வைத்துக்கொண்டு எண்பத்து மூன்றில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த நாற்காலியில் நான் வந்து உட்கார்ந்தால் ஹியோதோ மறுநாளே போய்விடுவார்.

ஆகவே, இதன் மூலம் தெரிவிப்பது: ரயிலடிக் கட்சி என்ற புதுக் கட்சியைப் பதிவு செய்துவிட்டேன். அவையில் கூடுதலாக நான்கு நாற்காலி போடுகிறார்கள். ஹச்சிசுகாவோடு பேச்சுவார்த்தை நடக்கிறது; இந்த முறை அவரை எழுத்தில் கட்டிப்போட்டிருக்கிறேன். தங்களை இரண்டு வருடத்துக்குள் கவிழ்ப்பதாக உத்தேசம். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், தவறாக எண்ண வேண்டாம்.

தற்போதைக்கு ஒரே ஒரு சிறிய வேண்டுகோள்: அடுத்த ஓட்டில் புதிய ரயில் பாதை மசோதா வருகிறது. எதிர்க்க வேண்டாம். ஆதரிக்கவும் வேண்டாம். ‘நடுநிலை’ போதும்.

இத்துடன் செண்டாயின் மூங்கிலிலை மீன்வடை ஒரு பெட்டி. சும்மா, ஒரு மரியாதைக்கு.

நாஹோ கோதானி
தலைவர், ரயிலடிக் கட்சி


ஹகோதாதே
23 மார்ச், திங்கள்

ரயிலடிக் கட்சித் தலைவர் அவர்களுக்கு,

பெட்டி முதலில் வந்தது, கடிதம் அரை மணி கழித்து வந்தது. இது தற்செயலா, உன் வேலையா என்று எனக்குத் தெரியவில்லை. செங்கோகுவைக் கேட்டேன், சிரிக்கிறார்.

நரி என்று நீ சொன்னது தப்பான ஆளை என்று ஹியோதோவுக்கு எழுதியிருக்கிறேன்.

கடிதத்தைப் படித்த கையோடு, இந்த முறை பெட்டியை மூடித் திருப்பி அனுப்பியே தீருவது என்று உள்ளே ஓடினேன். நாடு இருக்கிறதே, நாடு! உன் அம்மா மீன்வடையை வாட்டித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆறு போயிருந்தது. “சூடா இருக்கையில ஒண்ணு எடுத்துக்குங்க பிரதமரே” என்றாள். அவையில் நின்று, நான் ஒன்றும் தின்னவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்று தின்றேன்.

ரயில் பாதை எங்கிருந்து எங்கே வேண்டும் என்று விவரமாக எழுது.

அப்பா